கல்லுக்குள் ஒரு கணக்கு நோட்டு



"கார்பன்" என்று சொன்னதும் பென்சில் முனையும் அடுப்புக் கரியும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். பழைய கல்வெட்டு, முதுமக்கள் தாழி என்று படித்தவர்களுக்கு "கார்பன் டேட்டிங்" ஞாபகம் வரலாம். இந்த மாதச் சுவர் இதழில் நாம் பார்க்கப் போவது கார்பனின் இன்னொரு கதை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் கடலடியில் படிந்த சேறு, இறுகி இறுகிக் கல்லாகிறது. அந்தக் கல்லில் இருக்கும் கார்பனை எடை பிரித்துப் பார்த்தால், அன்றைக்குப் பூமியில் என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். யாரும் பார்க்காத ஒரு சம்பவத்துக்கு கல் சாட்சி சொல்கிறது!

"அதெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்று சிலர் கேட்பீர்கள். கடைசி வரைக்கும் படியுங்கள், நமக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் புரியும்.

1. ஒரே கார்பன், மூன்று எடை

எல்லாக் கார்பன் அணுவிலும் 6 புரோட்டான் உண்டு. நியூட்ரான் எண்ணிக்கைதான் மாறும். 6 நியூட்ரான் இருந்தால் கார்பன்-12, 7 இருந்தால் கார்பன்-13, 8 இருந்தால் கார்பன்-14. இவற்றை ஐசோடோப்புகள் என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்போம்.

ஆயிரம் கார்பன் அணுக்களை எடுத்தால் ஏறக்குறைய 989 அணுக்கள் கார்பன்-12. மீதி 11 கார்பன்-13. கார்பன்-14 ரொம்ப ரொம்பக் குறைவு. காற்றில் லட்சம் கோடி அணுவுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அது கதிரியக்கம் உள்ளது. 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருள்களில் அளக்கிற அளவுக்கு மிச்சம் இருக்காது. கார்பன் டேட்டிங்கை வைத்து டைனோசருக்கு வயது சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

கார்பன்-12-ம் கார்பன்-13-ம் அப்படி இல்லை. இரண்டும் அழியாது. கல்லுக்குள் போய் உட்கார்ந்தால் கோடி ஆண்டு ஆனாலும் போட்டது போட்டபடி இருக்கும். நம் கதையின் நாயகர்கள் இந்த இருவரும்தான்.

2. செடிக்குப் பிடித்தது எது?

இலை ஒளிச்சேர்க்கை செய்யும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. அதைப் பிடித்து இழுப்பது ருபிஸ்கோ என்ற நொதி. இந்த நொதியிடம் ஒரு பாரபட்சம் உண்டு. எடை குறைந்த கார்பன்-12 இருக்கிற மூலக்கூறு கொஞ்சம் சுறுசுறுப்பானது, சீக்கிரம் வினைபுரியும். கார்பன்-13 இருப்பது கொஞ்சம் மந்தம். ஆகவே செடி தன் உடம்பில் கார்பன்-12-ஐக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது. கார்பன்-13 வெளியே அதிகமாக மிஞ்சுகிறது.

கடலில் மிதக்கும் நுண்பாசிகளும் இதே வேலையைச் செய்கின்றன. நிலக்கரி, பெட்ரோல், மரம், மக்கிய இலை எல்லாமே உயிர்களிடமிருந்து வந்தவை. ஆகவே அவை எல்லாமே "லேசான" கார்பன். நத்தை, சிப்பி முதலியவை கடல்நீரில் கரைந்த கார்பனை எடுத்து ஓடு கட்டுகின்றன. அதில் இந்தப் பாரபட்சம் மிகக் குறைவு. எனவே ஓட்டுச் சுண்ணாம்பு "கனமான" கார்பன். சுண்ணாம்புக்கல்லின் கார்பன் கனமாகவும் தாவரங்களின் கார்பன் லேசாகவும் இருப்பதை 1939-இல் ஆல்ஃபிரட் நையர், குல்பிரான்சென் என்ற இரு விஞ்ஞானிகள் அளந்து காட்டினார்கள்.

3. கடலடியில் எழுதும் கணக்கு

கடலில் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் உண்டு. பெரும்பாலும் மணல் துகள் அளவுதான் இருக்கும். ஆனால் அழகான சுண்ணாம்புக் கூடு கட்டும். சில வகை மேலே மிதக்கும், சில வகை கடலடியில் வாழும். செத்ததும் கூடு அடியில் தங்கிவிடும். ஆழ்கடலில் இப்படி ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சேறு படியும். மேலே மேலே படியப் படிய, அடியில் இருப்பது இறுகிப் பாறையாகும். அடியில் பழையது, மேலே புதியது. தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் அடுக்கி வைத்த மாதிரி!

அந்தக் கூட்டிலுள்ள கார்பன், அது கட்டப்பட்ட நாளில் கடல்நீரில் இருந்த கார்பன். ஆகவே ஒவ்வொரு அடுக்கும் அந்தக் காலத்துக் கடலின் வரவு செலவுக் கணக்கில் ஒரு வரி.

4. அளப்பது எப்படி?

கூட்டை அமிலத்தில் போட்டால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வரும். அதை நிறை நிறமாலைமானி என்ற கருவிக்குள் விட்டால், கனமான மூலக்கூறும் லேசான மூலக்கூறும் காந்தப்புலத்தில் வேறு வேறு அளவு வளைந்து தனித்தனியே விழும். எண்ணிவிடலாம்.

வித்தியாசம் ரொம்பச் சின்னது என்பதால் அதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லாமல், ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்கிறார்கள். இதற்கு டெல்டா மதிப்பு என்று பெயர். ஓர் உதாரணம் பாருங்கள்:

நியமப் பொருளில் 10 லட்சம் கார்பன்-12 அணுவுக்கு 11,237 கார்பன்-13 அணு உண்டு.
நம் மாதிரிக் கல்லில் 10 லட்சத்துக்கு 11,209 என்று வைத்துக்கொள்வோம்.
வித்தியாசம் 28. அதை 11,237-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் சுமார் 2.5.
கல்லில் குறைவாக இருப்பதால் டெல்டா மதிப்பு −2.5.

ஞாபகம் வைக்க: சாதாரணக் கடல் சுண்ணாம்புக்கல் 0-வை ஒட்டி இருக்கும். எரிமலைக் கார்பன் சுமார் −5. நெல், வேர்க்கடலை போன்ற செடிகளும் மரங்களும் −27-ஐ ஒட்டி. சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு ஆகியவை சி-4 வகை, அவை சுமார் −13. கடலடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேன் −60 வரை போகும்.

★ பெட்டிச் செய்தி ★
அந்த நியமப் பொருள் என்ன தெரியுமா? அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் 'பீ டீ' என்ற பாறைத் தொகுதியில் கிடைத்த பெலம்னைட் புதைபடிவம்! பெலம்னைட் என்பது கணவாய் மீனின் தூரத்து உறவு. அதன் உடம்புக்குள் இருந்த கெட்டியான பகுதி துப்பாக்கித் தோட்டா போல இருக்கும். டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்து 1934-இல் நோபல் பரிசு வாங்கிய ஹெரால்டு யூரேயின் குழு சிகாகோவில் இதைப் பயன்படுத்தியது. அந்தப் புதைபடிவம் அரைத்து அரைத்தே தீர்ந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் அதன் பெயரில்தான் அளவுகோல் இருக்கிறது. நம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துச் செம்மண் மேடுகளிலும் பெலம்னைட்டுகள் கிடைக்கின்றன. அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது!

5. ஏறினால் என்ன? இறங்கினால் என்ன?

இதுதான் பாடத்தின் முக்கிய இடம். கவனமாகப் படிக்கவும்.

செத்த பாசி மக்காமல் பெரிய அளவில் சேற்றில் புதைந்தால், லேசான கார்பன் கடலை விட்டுப் போய்விடும். கடலில் மிஞ்சுவது கனம். அந்தக் காலக் கல்லில் டெல்டா மதிப்பு ஏறும். சுமார் 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் இப்படி நடந்தது. கடலடியில் ஆக்சிஜன் குறைந்து, மக்காத பாசிகள் கறுப்புச் சேறாகப் படிந்தன. இத்தாலியில் குப்பியோ நகரத்துப் பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமனில் கறுப்புப் பட்டையாக அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறாக, புதைந்து கிடந்த லேசான கார்பன் ஏதோ காரணத்தால் காற்றிலும் கடலிலும் கலந்தால் டெல்டா மதிப்பு இறங்கும். சுருக்கமாகச் சொன்னால்: புதைத்தால் ஏறும், கிளறினால் இறங்கும்.

6. அண்டார்டிகா பக்கத்துக் கடலில் ஒரு கண்டுபிடிப்பு

1987-இல் 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' என்ற ஆராய்ச்சிக் கப்பல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் கடலடியைத் துளையிட்டது. அங்கே நீரின் ஆழம் மட்டும் சுமார் 2,900 மீட்டர். அதற்கும் கீழே குழாயை இறக்கி, உருளை உருளையாகச் சேற்றை மேலே எடுத்தார்கள். கடலடிக்குக் கீழே ஏறக்குறைய 170 மீட்டரில் இருந்தது 5 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முந்தைய படிவு. பேலியோசீன் காலம் முடிந்து இயோசீன் காலம் தொடங்கும் எல்லை அது.

ஜேம்ஸ் கென்னட், லோவல் ஸ்டாட் இருவரும் அதிலிருந்த கூடுகளை அளந்து 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த எல்லையில் கார்பன் மதிப்பு படாரென்று விழுந்திருந்தது. அதே இடத்தில் ஆக்சிஜன் ஐசோடோப்புகள் கடல் சூடானதைக் காட்டின. ஆழ்கடலடியில் வாழ்ந்த ஃபொராமினிஃபெரா இனங்களில் பல அந்த இடத்தோடு காணாமல் போயிருந்தன. பிறகு உலகின் பல கடல்களில் பார்த்ததில், அந்த ஆழ்கடல் இனங்களில் 30 முதல் 50 சதவீதம் வரை அழிந்தது தெரிந்தது. பூமியின் சராசரி வெப்பம் 5 டிகிரிக்கும் மேல் கூடியிருந்தது.

7. ஓரிடத்துக் கல்லை நம்பலாமா?

நல்ல கேள்வி. நம்பக் கூடாதுதான். கல்லுக்குள் பிற்காலத்தில் நிலத்தடி நீர் புகுந்து கார்பனை மாற்றியிருக்கலாம். புழுக்கள் சேற்றைக் கிளறி அடுக்குகளைக் கலக்கியிருக்கலாம். அதனால் கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அளக்கிறார்கள். பல ஊர், பல கடல் என்று ஒப்பிடுகிறார்கள்.

இந்தச் சம்பவத்துக்குக் கிடைத்த பலமான சாட்சி, கடலே இல்லாத இடத்திலிருந்து வந்தது! அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பிக்ஹார்ன் பள்ளத்தாக்கு என்ற இடம். அங்கே பழைய மண்ணிலுள்ள சுண்ணாம்புக் கட்டியிலும், விலங்குகளின் பல்லிலும் அதே இறக்கம் இருப்பதை 1992-இல் காட்டினார்கள். கடலில் விழுந்த அதே நேரத்தில் நிலத்திலும் விழுந்திருக்கிறது என்றால், காற்றே மாறியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே வாழ்ந்த ஆதிக் குதிரை ஒன்று, ஏற்கெனவே நாய்க்குட்டி அளவுதான், அந்த வெப்பக் காலத்தில் இன்னும் சுமார் 30 சதவீதம் சிறுத்துப்போனது. வீட்டுப் பூனை அளவுக் குதிரை! பல்லின் அளவை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள்.

8. யார் செய்த வேலை? வகுப்புச் சராசரிக் கணக்கு

கடல் முழுக்கச் சராசரியாக டெல்டா மதிப்பு சுமார் 3 இறங்கியது என்று வைப்போம். எவ்வளவு கார்பன் கலந்தால் இப்படி ஆகும்? இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம், நம்ம வகுப்பு மதிப்பெண் கணக்கே போதும்.

காற்றிலும் கடலிலும் சேர்த்து உள்ள கார்பன் ஏறக்குறைய 40 லட்சம் கோடி டன். ஒரு லட்சம் கோடி டன்னை ஒரு மாணவர் என்று வையுங்கள். வகுப்பில் 40 பேர். எல்லோரும் 60 மார்க். புதுசாகச் சிலர் சேர்ந்ததும் வகுப்புச் சராசரி 57-க்கு இறங்கிவிட்டது. வந்தவர்கள் எத்தனை பேர்?

• வந்தவர்கள் 0 மார்க் எடுப்பவர்கள் என்றால் (மீத்தேன், −60): 2 பேர் வந்தாலே போதும்.
• 35 மார்க் எடுப்பவர்கள் என்றால் (செடி கொடி, நிலக்கரி, −25): 5 அல்லது 6 பேர் வேண்டும்.
• 55 மார்க் எடுப்பவர்கள் என்றால் (எரிமலை, −5): 60 பேர் வேண்டும்!

நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். (2,400 + 60 × 55) ÷ 100 = 57.

ஆக, சராசரியை மட்டும் பார்த்து வந்தது யார் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் மீத்தேனா, நிறைய எரிமலை வாயுவா? கடலடியில் உறைந்து கிடந்த மீத்தேன்தான் காரணம் என்று 1990-களில் பலர் நினைத்தார்கள். இன்னொரு சாட்சி தேவைப்பட்டது.

9. இரண்டாவது சாட்சி: கரைந்துபோன சுண்ணாம்பு

கார்பன் டை ஆக்சைடு கடலில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகும். எவ்வளவு அதிகம் கலந்ததோ, அவ்வளவு சுண்ணாம்பு கரையும். 2003-இல் தென் அட்லாண்டிக்கில் நமீபியாவுக்கு மேற்கே வால்விஸ் முகடு என்ற இடத்தில் துளையிட்டார்கள். வெள்ளை வெளேரென்று வந்த சுண்ணாம்புச் சேற்றுக்கு நடுவில், அதே 5 கோடியே 60 லட்சம் ஆண்டு எல்லையில், சுண்ணாம்பே இல்லாத செம்பழுப்புக் களிமண் பட்டை! பல ஆழங்களில் துளையிட்டுப் பார்த்ததில், சுண்ணாம்பு கரைந்துபோகும் மட்டம் 10,000 ஆண்டுகளுக்குள் 2 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது தெரிந்தது. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. இவ்வளவு கரைய வேண்டுமென்றால் 2 "மாணவர்" போதாது.

2017-இல் கூட்டிலுள்ள போரான் ஐசோடோப்புகளையும் சேர்த்து அளந்த ஒரு குழு, 10 லட்சம் கோடி டன்னுக்கும் மேல் கார்பன் வந்தது, அதில் பெரும்பங்கு எரிமலையிலிருந்து என்று சொன்னது. அந்தச் சமயத்தில் கிரீன்லாந்தும் ஐரோப்பாவும் பிரிந்துகொண்டிருந்தன. வட அட்லாண்டிக்கில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது. அது உயிர்ப்பொருள் நிறைந்த படிவுகளையும் வேகவைத்து லேசான கார்பனை வெளியே தள்ளியிருக்கிறது. எதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அறிவியலில் அதுதான் சுவாரஸ்யம்!

10. சரி, இன்றைக்கு?

இப்போது நாம் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரிக்கிறோம். பல கோடி ஆண்டுகளாகப் புதைந்திருந்த லேசான கார்பனைக் கிளறுகிறோம். பாடத்தின்படி என்ன ஆக வேண்டும்? டெல்டா மதிப்பு இறங்க வேண்டும். இறங்கியிருக்கிறது! தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் மதிப்பு சுமார் −6.4. இப்போது ஏறக்குறைய −8.5. அதே காலத்தில் காற்றில் அதன் அளவு பத்து லட்சத்துக்கு 280 பங்கிலிருந்து 420 பங்குக்கு மேல் போய்விட்டது.

"எரிமலை விட்ட புகையாக இருக்கலாமே?" என்று சிலர் கேட்பார்கள். மார்க் கணக்கை ஞாபகப்படுத்துங்கள். எரிமலை −5. காற்றின் பழைய மதிப்பு −6.4. நன்றாகப் படிக்கிறவர் வந்தால் சராசரி ஏறும், இறங்காது. ஆகவே எரிமலை இல்லை. "காட்டுத் தீயாக இருக்கலாமே?" என்றால், அதற்குக் கார்பன்-14 பதில் சொல்லும். உயிருள்ள மரத்தில் கார்பன்-14 உண்டு. கோடி ஆண்டு பழைய நிலக்கரியில் அறவே கிடையாது. 20-ஆம் நூற்றாண்டு மர வளையங்களில் கார்பன்-14 குறைந்திருப்பதை ஹான்ஸ் சூயெஸ் 1955-லேயே கண்டுபிடித்து, நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் வந்த கலப்படம் இது என்று சொன்னார். விரல்ரேகை கிடைத்துவிட்டது. அது நம்முடையது.

இதுவரை நாம் எரித்த கார்பன் சுமார் அரை லட்சம் கோடி டன், அதாவது அரை "மாணவர்". பழைய சம்பவத்தோடு பார்த்தால் இது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் வேகத்தைப் பாருங்கள். அன்றைக்கு அந்தக் கார்பன் வெளிவர குறைந்தது 4,000 ஆண்டுகள் ஆயின. ஆண்டுக்கு அதிகபட்சம் சுமார் 110 கோடி டன் என்று 2016-இல் கணக்கிட்டார்கள். இன்றைக்கு நாம் எரிப்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 கோடி டன் கார்பன். கிட்டத்தட்ட 10 மடங்கு வேகம்! கடல் தன் மேல்நீரையும் அடிநீரையும் கலக்கவே ஆயிரம் ஆண்டு எடுக்கும். மெதுவாகக் கொடுத்தால் கடல் தாங்கிக்கொள்ளும். அவசரமாகத் திணித்தால் மேல்நீர்தான் முதலில் புளிக்கும். சிப்பியும் பவளமும் வாழ்வது அந்த மேல்நீரில்தான்.

அன்றைக்குக் காரணம் எரிமலை. அதற்குக் காது கிடையாது. இன்றைக்குக் காரணம் நாம். நமக்குக் கல் சொல்வது கேட்கிறது. அந்த நோட்டில் நம் காலத்துப் பக்கமும் இப்போதே எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. இன்றைக்குச் செத்து விழும் ஒவ்வொரு கூட்டிலும் நாம் எரித்த கார்பன் கொஞ்சம் கலந்திருக்கும். அந்தக் கோடு எவ்வளவு தூரம் இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

செய்து பாருங்கள்
ஒரு சிப்பி ஓடு அல்லது முட்டை ஓட்டின் மேல் எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். பொங்கி வருகிற குமிழிதான் கார்பன் டை ஆக்சைடு. ஆய்வகத்தில் பாஸ்பாரிக் அமிலம் ஊற்றி இதே வாயுவைத்தான் பிடிக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள்
1. கேழ்வரகு மட்டுமே சாப்பிட்டு வளர்ந்த கோழியின் எலும்பையும், அரிசி மட்டுமே சாப்பிட்டு வளர்ந்த கோழியின் எலும்பையும் கருவியில் வைத்தால் எது கனமான கார்பனைக் காட்டும்?
2. மேலே உள்ள வகுப்பில், 2 மீத்தேன் மாணவர்களும் 20 எரிமலை மாணவர்களும் சேர்ந்தே வந்தால் சராசரி என்ன?

விடைகளை எழுதி அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள். சரியான விடை எழுதியவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.